கறவை மாடு கம்பி, ஆணி விழுங்கினால்...

கன்று ஈன்று பத்து அல்லது பதினைந்து நாட்கள் ஆன மாடு திடீரெனத் தீவனத்தை மறுப்பது உண்டு. முதல் நாள் மாலை வரை நன்றாகத் தின்ற மாடு, மறுநாள் காலையில் தவிட்டுத் தண்ணீரை மோந்து பார்த்து விட்டு முகத்தைத் திருப்பிக் கொள்ளும். வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்தது இரண்டு லிட்டருக்கு இறங்கி விடும். அசை போடுவது நின்று போகும். வீட்டில் உள்ளவர்கள் அஜீரணம் என்று எண்ணி இஞ்சியும் ஓமமும் இடித்துக் கொடுப்பார்கள். இரண்டு நாளில் சற்றே தேறினாற் போலத் தோன்றும். பின்பு மீண்டும் படுத்துவிடும்.

இப்படிப்பட்ட மாடுகளில் பல உண்மையிலேயே அஜீரணத்தால் அவதிப்படுபவைதாம். ஆனால் சில மாடுகளின் வயிற்றில் விரல் நீளமுள்ள ஒரு கம்பித் துண்டோ, ஆணியோ, கோணி ஊசியோ இருக்கும். அஜீரணத்துக்கான வைத்தியம் இவற்றுக்குப் பயன்படாது. ஒரே ஒரு கறவை மாட்டை நம்பிப் பால் சங்கத்தில் கணக்கு வைத்திருக்கும் குடும்பத்துக்கு, முதல் மூன்று நாட்களில் இந்த வேறுபாட்டைத் தெரிந்து கொள்வதும் தெரியாமல் போவதும் மாடு பிழைப்பதையே தீர்மானித்து விடக்கூடும்.

பட்டறையும் வயலும்

இத்தொல்லை எல்லா ஊர்களிலும் உண்டு. எனினும் திருச்சிக்குக் கிழக்கே தஞ்சாவூர் சாலையில் உள்ள கைலாசபுரம் போன்ற இடங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கைலாசபுரம் பெல் கொதிகலன் ஆலையின் ஊழியர் குடியிருப்பாகும். 1960களில் ஆலை வந்த பின், அதன் வேலைகளை எடுத்துச் செய்யும் சிறு பட்டறைகள் திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரத்தில் ஏராளமாகத் தோன்றின. அதே வட்டாரத்தில் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் விளைகிறது. ஒருபுறம் வெல்டிங் பட்டறையும் லேத் பட்டறையும், மறுபுறம் நெல் வயலும் மாட்டுத் தொழுவமும் என்று அமைந்து விட்டதால், மாடு மேயும் ஓரங்களில் வெல்டிங் குச்சியின் அடித்துண்டும், லேத்தில் கடைந்த சுருளும், கட்டுக்கம்பி நறுக்கும் கிடக்க வாய்ப்பு அதிகம்.

பட்டறை இல்லாத ஊர்க்காரர்கள் நமக்கென்ன என்று இருந்து விடவும் முடியாது. புது வீடு கட்டும் இடத்தில் சிந்திய கட்டுக்கம்பி, சாக்கு தைக்கும் ஊசி, சைக்கிள் ஸ்போக்ஸ், பழைய டயரை எரித்தபின் சாம்பலில் மிஞ்சும் மெல்லிய கம்பி, துணியில் குத்திய ஊக்கு ஆகியவை இல்லாத ஊர் எது? அறுவடை முடிந்து வைக்கோலைச் சாலையில் உலர்த்தி அள்ளும் போது, சாலையில் கிடப்பதும் சேர்ந்தே போருக்கு வந்து விடுகிறது.

மாடு ஏன் விழுங்குகிறது?

ஆடு உதட்டால் தடவி, வேண்டியதைப் பொறுக்கித் தின்னும். மாடு அப்படியன்று. நாக்கைச் சுழற்றி ஒரு பிடி வைக்கோலை வளைத்து இழுத்து, அரைகுறையாக மென்று உள்ளே தள்ளிவிடும். நிதானமாக மெல்லுவது பிறகு அசை போடும் போதுதான். ஆகவே பிடியோடு வந்த கம்பி வாயில் உறுத்துவதற்குள் தொண்டையைக் கடந்து விடுகிறது.

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறை பெரிய தொட்டி போன்றது. வளர்ந்த மாட்டில் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்கு முன்னால், சற்றுத் தாழ்வாக, உட்சுவரில் தேன்கூடு போன்ற கட்டங்களுடன் கூடிய சிறிய இரண்டாம் அறை இருக்கிறது. இரும்பு கனமாகையால் இந்த இரண்டாம் அறையின் அடியில் போய்த் தங்கும். அங்கிருந்து சாணத்தோடு வெளியே வருவது அரிது. நிமிடத்துக்கு ஒரு தடவை போல இந்த அறை இறுகிச் சுருங்கும். சுருங்கும் ஒவ்வொரு தடவையும், படுத்த வாக்கில் கிடக்கும் கம்பியின் முனை சுவரில் குத்தலாம்.

இவ்வறைக்கு முன்னால் உதரவிதானம் என்னும் மெல்லிய சவ்வுச் சுவர். அதற்கு அப்பால் சில விரற்கடை தூரத்தில் இதயம். ஆபத்து முழுவதும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. கம்பி சுவரைத் துளைத்தால் வயிற்றினுள் சீழ் கட்டும். முன்னேறினால் இதய உறையைத் தொடும். நிறைசினைக் காலத்தில் கருப்பை பெருத்து முன்னோக்கி அழுத்துவதும், ஈனும் போது மாடு முக்குவதும் கம்பியை மேலும் உந்தி விடுகின்றன. பல மாதங்களாகத் தொந்தரவின்றிக் கிடந்த ஆணி ஈனும் தறுவாயில் வேலையைக் காட்டுவது இதனால்தான்.

விழுங்கிய மாடெல்லாம் நோய்வாய்ப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொட்டையான நட்டும் போல்ட்டும் ஆயுள் முழுதும் உள்ளேயே கிடந்து துருப்பிடிப்பதுண்டு. கூரிய முனையும் நீளமும் உள்ளவையே கேடு செய்பவை.

அடையாளம் காண்பது எப்படி?

தீவனமும் பாலும் ஒரே நாளில் திடுமெனக் குறைவது முதல் அறிகுறி. மாடு முதுகை வளைத்துக் கூன் போட்டு நிற்கும். முன்னங்கால் முட்டிகளை உடம்பை விட்டு விலக்கி வைத்துக் கொள்ளும். படுக்கத் தயங்கும், படுக்கும்போதும் எழும்போதும் சாணம் போடும்போதும் முனகும். மேட்டில் ஏறும் மாடு பள்ளத்தில் இறங்க மறுக்கும். இறங்கும் போது வயிற்றிலுள்ளவை யாவும் முன்னால் சரிந்து குத்து வலி மிகுவதே காரணம். உடம்பு இலேசாகச் சுடும்.

கிராமத்திலேயே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. மாட்டின் முன்முதுகைத் தோலோடு இறுகக் கிள்ளினால், நலமாயுள்ள மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். வலியுள்ள மாடு தாழ்த்தாது. விறைத்து நின்று முனகும். இச்சோதனை ஐயத்தை எழுப்புமே தவிர முடிவு சொல்லாது. முடிவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். ஆனால் மருத்துவர் வந்தவுடன் “கிள்ளினால் முதுகைத் தாழ்த்த மாட்டேன் என்கிறது, இறக்கத்தில் நடக்க மாட்டேன் என்கிறது” என்று சொன்னால், அவர் வேலை பாதி குறையும்.

கழுத்து இரத்தக் குழாய் கயிறு போலப் புடைத்து நின்று, தாடையின் கீழும் அலைதாடியிலும் நீர் கோத்து வீங்கினால், கம்பி இதய உறையை எட்டிவிட்டது என்று ஐயப்பட வேண்டும். அந்நிலையில் அறுவை செய்தாலும் தேறும் மாடுகள் மிகச் சிலவே.

இவற்றைச் செய்யக் கூடாது

விளக்கெண்ணெய் ஊற்றினால் வழுக்கிக் கொண்டு வெளியே வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இரண்டாம் அறையின் அடியில் கிடக்கும் இரும்பை எண்ணெய் நகர்த்தாது. அதோடு, வலியில் இருக்கும் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் எதை ஊற்றினாலும், அது நுரையீரலுக்குள் இறங்கி மாட்டைக் கொன்று விடக்கூடும். பேதி மருந்தும் கூடாது. “நடக்க விட்டால் சரியாகும்” என்று சாலையில் ஓட்டுவதும் கூடாது. ஒவ்வொரு அடியும் கம்பியை அசைக்கும்.

மருத்துவர் வரும் வரை மாட்டை அசையாமல் கட்டி, முன்னங்கால்கள் நிற்கும் இடத்தைச் சுமார் அரை அடி உயர்த்தி வைப்பது நல்லது. மண்ணைக் கொட்டிக் கெட்டித்தோ, வழுக்காத உறுதியான பலகை போட்டோ இதைச் செய்யலாம். முன்புறம் உயர்ந்தால் வயிற்றின் பாரம் பின்னுக்குச் சரியும். கம்பி முன்னேறுவது தடைப்படும். சிகிச்சைக்குப் பின்னரும் இரண்டு வாரம் வரை மாட்டை இவ்வாறே நிறுத்தி வைக்கச் சொல்வதுண்டு. தண்ணீர் தாராளமாக வைக்கலாம். தீவனத்தை வற்புறுத்தித் திணிக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். பெரிய அறுவை தேவைப்படும் மாட்டைக் கால்நடை மருந்தகத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கோ, கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். திருச்சி வட்டாரத்தாருக்கு ஒரத்தநாடு, நாமக்கல் ஆகிய இரண்டு கல்லூரிகளும் எட்டும் தொலைவில் உள்ளன. வண்டியில் ஏற்றும் போது மாட்டின் முன்பக்கம் தாழாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும்.

காந்தம் விழுங்க வைப்பது

கம்பிக்கு நல்ல காவல் காந்தம். அமெரிக்கப் பால் பண்ணைகளில் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள இம்முறை நம் நாட்டு மருத்துவர்களுக்கும் தெரிந்ததே, பண்ணையாளர்கள்தாம் கேட்பதில்லை. ஏறக்குறைய ஏழு செ.மீ. நீளத்தில், விரல் பருமனில், முனை மழுங்கிய உருளைக் காந்தம் ஒன்றை மாட்டுக்கு மாத்திரை போல விழுங்க வைப்பார்கள். அதுவும் இரும்பைப் போலவே இரண்டாம் அறைக்குச் சென்று தங்கும். பிறகு வந்து சேரும் ஆணி, கம்பி எல்லாம் அதன் மேல் ஒட்டிக் கொள்வதால் முனை சுவரில் குத்தாது. செரிக்காது, தேயாது, ஒரு மாட்டுக்கு ஒன்று, ஆயுளுக்கும் போதும்.

கிடேரிகளுக்குச் சினைக்கு விடும் முன்பே கொடுத்து விடுவது சிறந்தது. நோய் கண்ட மாட்டுக்கும் கொடுப்பார்கள். அண்மையில் குத்திய கம்பியைச் சில வேளைகளில் காந்தம் திரும்ப இழுத்து விடும். கூடவே மருத்துவர் நோய்க்கிருமி எதிர்ப்பு ஊசி போடுவார். ஊசி போட்ட மாட்டின் பாலை அவர் குறிப்பிடும் நாள் வரை சங்கத்துக்கு ஊற்றக் கூடாது.

விலைக்கு வாங்கிய மாட்டுக்கு ஏற்கெனவே காந்தம் கொடுத்திருக்கிறார்களா என்று அறியப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் திசைகாட்டியே போதும். இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் நெஞ்சோரமாகப் பிடித்தால், உள்ளே காந்தம் இருக்குமானால் முள் திரும்பும். காந்தம் இருக்கும் மாட்டுக்கு இரண்டாவது காந்தம் வேண்டாம்.

பழைய ரேடியோ ஒலிபெருக்கியில் கழற்றிய வட்டக் காந்தத்தை உடைத்துக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. அது எளிதில் நொறுங்கும். உடைந்த விளிம்பு ஆணியைப் போலவே அறுக்கும். காந்தத்துக்கு வசப்படாதவையும் உண்டு. செம்புக் கம்பி, அலுமினியக் கம்பி, ஊசி மருந்து போடும் ஊசி ஆகியவை அதில் ஒட்டமாட்டா. ஆகவே காந்தம் கொடுத்து விட்டோம் என்று களத்தைக் கூட்டாமல் இருந்துவிட முடியாது.

52 கிலோ பிளாஸ்டிக்

இரும்பை விட இப்போது அதிகம் பேசப்படுவது பிளாஸ்டிக். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசு கொண்டு வரப்பட்டது. கன்று ஈன்று சில வாரமே ஆகியிருந்தது. பால் குறைந்து, வலி தாளாமல் காலால் வயிற்றை உதைத்துக் கொண்டிருந்தது. மருத்துவர்கள் சுமார் ஐந்தரை மணி நேரம் அறுவை செய்து, வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தனர். ஊசி, திருகாணி, நாணயம் ஆகியவையும் அதற்குள் இருந்தன.

52 கிலோ என்பது ஒரு மூட்டைச் சிமெண்டை விட அதிகம். இது ஒரே நாளில் சேர்ந்ததன்று. சோறும் காய்கறித் தோலும் முடிச்சிட்டு எறியப்பட்ட பைகளை, உப்பு வாசனைக்காக, பையோடு விழுங்கி விழுங்கிப் பல மாதங்களில் சேர்ந்தது. பிளாஸ்டிக் முதல் அறையில் கயிறு போல முறுக்கிக் கொண்டு பந்தாகி விடும். தீவனத்துக்கு இடமிராது. மாடு கொஞ்சம் தின்றதும் நிறுத்தி விடும். அடிக்கடி வயிறு உப்பும். நாளாக ஆக எலும்பும் தோலுமாகும். பூச்சி மருந்து கொடுத்தும் மாடு தேறவில்லை என்றால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக்கைக் கரைக்கும் மருந்து எதுவும் கிடையாது. அறுவைதான் வழி. அறுவை என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. மாட்டைப் பெரும்பாலும் நிறுத்தியபடியே, இடது விலாப்புறம் மரத்துப் போக ஊசி போட்டு, கீறி, முதல் அறையைத் திறந்து கையை விட்டு எடுப்பார்கள். அவ்வழியே இரண்டாம் அறைக்குள்ளும் கையை விட்டுத் துழாவிக் கம்பியையும் எடுத்து விட முடியும். பிறகு சில நாட்களுக்குக் கஞ்சியும் இளம் பசும்புல்லும் சிறிது சிறிதாகக் கொடுத்து வர வேண்டும். மாடு தளர்ந்து விழுமுன் அழைத்துச் சென்றால் பலன் உண்டு.

நோயுற்றது என்று தெரிந்ததும் பூசி மெழுகிச் சந்தையில் தள்ளி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நட்டம் இன்னொரு சிறு விவசாயியின் தொழுவத்துக்குப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான்.

கயிறு, எலும்பு கடிக்கும் மாடு

துணி, கயிறு, செருப்பு, எலும்பு என்று கண்டதையும் கடிக்கும் மாடு குறும்பு செய்வதாக நினைத்து அடிப்பது தவறு. பாஸ்பரம் போன்ற தாது உப்புக்கள் குறைந்தால் மாட்டுக்கு இக்கெட்ட பழக்கம் வரும். வெறும் வைக்கோலிலேயே காலம் தள்ளும் மாட்டுக்கு இக்குறை எளிதில் உண்டாகும். தாது உப்புக் கலவையை நாள்தோறும் 30 முதல் 50 கிராம் வரை தீவனத்தில் கலந்து கொடுத்து, குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்தால் பெரும்பாலும் பழக்கம் நின்று விடும். மாட்டைக் காப்பதில் காந்தத்துக்கு அடுத்தபடியாக மலிவான செலவு இதுதான்.

இயந்திரத்தால் வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் முறை வந்தபின் புதுத் தொல்லை ஒன்று சேர்ந்துள்ளது. கட்டுக்குச் சுற்றும் நூல் சில இடங்களில் பிளாஸ்டிக் நூல். கட்டைப் பிரிக்கும் போதே நூலை முழுவதும் உருவி எடுத்து எண்ணி வைக்க வேண்டும். அறுத்து அப்படியே விட்டால் மாட்டின் வயிற்றுக்குத்தான் போகும். தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் போடும் முன்பும் உதறிப் பார்க்க வேண்டும். அந்த இயந்திரத்தில் ஒரு நீளக் கம்பி போனால், கூரிய முனையுடன் பல துண்டுகளாக வெளியே வரும்.

வைக்கோல் உலர்த்தும் இடத்திலும் தொழுவத்து வாசலிலும், கழியின் நுனியில் காந்தம் ஒன்றைக் கட்டித் தரையை ஒட்டி இழுத்து வரலாம். சுற்றிலும் பட்டறை உள்ள ஊரில் பழைய காந்தம் கிடைப்பது கடினமன்று. முதல் நாள் அதில் ஒட்டி வருவதைப் பார்த்தால் யாருக்கும் மறுநாள் இழுக்கச் சொல்லித் தர வேண்டியிராது. தொழுவத்தில் வேலி, கூரை பழுது பார்த்தால் நறுக்கிய துண்டுகளைச் சட்டைப்பையில் அல்ல, ஒரு டப்பாவில் போட வேண்டும். சட்டைப்பை குனிந்தால் கொட்டும். மாட்டுப் பொங்கலன்று கொம்பில் பலூன் கட்டுவதையும், கம்பியில் கட்டிய மாலை போடுவதையும் விட்டு விடலாம். பக்கத்து மாடு அதை எட்டித் தின்று விடும்.

வீட்டுப் பூனைக்கு வேறு முறை

நெல் மூட்டை உள்ள வீட்டில் எலிக்காகப் பூனை வளர்ப்பதுண்டு. மாட்டுக்குச் சொன்னது பூனைக்குப் பொருந்தாது. மாட்டுக்கு ஆபத்து கம்பி என்றால் பூனைக்கு ஆபத்து நூல். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் பட்ட நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். பூ கட்டிய நூல், ஊசி கோத்த தையல் நூல், மீன் வாசனை படிந்த தூண்டில் நரம்பு ஆகியவை இப்படி உள்ளே போகின்றன. ஒரு முனை நாக்கின் அடியிலோ ஊசியிலோ மாட்டிக் கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். குடல் சுருக்குப் பை போல மடிந்து, நூலே அதை அறுத்து விடும்.

ஆகவே வாயிலோ ஆசன வாயிலோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. இது முதல் விதி. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. கூரிய பொருள் திரும்பி வரும்போது தொண்டையைக் கிழிக்கும், உப்பே நஞ்சாகும். வலிக்கென்று பாரசிட்டமால் மாத்திரை கொடுப்பது கொலைக்கு ஒப்பாகும். மனிதர் போடும் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்று விடப் போதுமானது. பூனை உணவை மறுத்து, அடிக்கடி வாந்தி எடுத்து, எச்சில் ஒழுக இருண்ட மூலையில் போய் ஒடுங்கினால் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பொத்தான் போன்ற சிறு பேட்டரியை விழுங்கியிருந்தால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது. அது சில மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் பொசுக்கி விடும்.

எக்ஸ்ரே படத்தில் ஊசி தெரியும்; நூலும் பிளாஸ்டிக்கும் தெளிவாகத் தெரியாது. எனவே என்ன காணாமற் போயிற்று, எப்போது என்று மருத்துவரிடம் சொல்வதோடு, அதே போன்ற நூற்கண்டையோ ஊசியையோ கையில் எடுத்துச் செல்வது நல்லது.